கயிற்றின் பேர் கொண்ட நாய்

மேசைமேல் கிடத்தியிருந்த புருஷன் கொலாரின் வலது மணிக்கட்டை ஒதின் மறுபடியும் துடைத்தாள். அங்கே அழுக்கு எதுவும் இல்லை. வருடக்கணக்காகக் கயிறு சுற்றிக் காய்த்துப்போன வளையம்தான் இருந்தது. கயிறோ அவன் இடுப்பு வாரில் சுருட்டிச் செருகியிருந்தது. மேசைக்கடியில் நாய் வெறுங்கழுத்தோடு படுத்திருந்தது. அவன் செத்ததைவிட இதுதான் அவளைப் போட்டுக் குழப்பியது.

மானைத் துரத்த அவிழ்த்துவிடுகிற நாய்கள் வேறு. இது லிமியே. பிரபு வேட்டைக்கு வருமுன், விடியலில் கயிற்றோடு காட்டுக்குள் போய், சத்தம் காட்டாமல் மோப்பம் பிடித்து, மான் எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்த இடத்தில், கயிற்றைப் பிடித்துப் போகிற கொலார் ஒரு கிளையை முறித்துப் போடுவான். முறிந்த முனை எந்தப் பக்கமோ, மான் அந்தப் பக்கம். கட்டுக்கயிற்றுக்குப் பிரெஞ்சில் சொன்ன வார்த்தையே நாய்க்கும் பேராகிவிட்டது. அந்த இனம் இன்று பூண்டோடு அழிந்துவிட்டது. துப்பறிகிறவனை அந்தப் பேரால் கூப்பிடுகிறார்கள், கயிறு யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கு நினைவிருந்தது. காட்டில் அவிழ்ந்த லிமியே கெட்டுப்போன நாய், தலையில் ஓர் அடியோடு அதன் கதை முடிந்துவிடும். அவிழ்த்தவன் செத்தால் அவன் குழிமேட்டில் கடைசி மரியாதைக்குக் கொம்பு ஊதமாட்டார்கள்.

பிரபுவின் வேட்டைத் தலைவர் ரெனியே குனிந்து உள்ளே வந்தார். பிணத்தைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார்.

"கயித்த யாரு அவுத்தது?"

கொலாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த கரிமூட்டக்காரன் கோபேர் சுவரோரம் நின்றிருந்தான். பீச் மரத்தடியில் மார்பைப் பிடித்தபடி கிடந்தவனையும், பக்கத்தில் கயிறில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாயையும் கண்டவன் அவன்தான்.

"நான்தான்யா அவுத்தேன்," என்றாள் ஒதின். "கையில சுத்திக் கெடந்துச்சு. குளிப்பாட்டணும்ல."

"நீயா? கோபேரு, நீ பாத்தப்ப கட்டியிருந்துச்சா?"

கோபேர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கட்டித்தான் இருந்துச்சுங்க."

ரெனியே வாசல் பக்கம் திரும்பினார். "மத்தியானம் கொம்பு ஊதச் சொல்றேன். நாயை நாளைக்கு ஆள் வந்து கூட்டிட்டுப் போவான்."

அவர் போனதும் ஒதின் கோபேரிடம், "அண்ணே, அது குரைக்கவே இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. குரைக்கக் கூடாதுன்னு அடிச்சு வளத்த நாயாச்சே. கிட்டத்தட்டத் தாண்டியே போயிட்டேன். ஒடம்பு அப்பவும் சூடாத்தான் இருந்துச்சு."

மத்தியானம் அடக்கம் நடந்தது. கொம்பு ஊதினார்கள். ஒதினுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூங்கும்போதுகூடக் கயிற்றை விடாத மனுஷன், சாகிற நேரத்தில் ஏன் அவிழ்த்தான்? வேலைமேல் அப்படியென்ன வெறுப்பு? நாய்மேல் இரக்கமா? அவளை நினைத்தானா, இல்லையா?

வீட்டுக்குப் போகாமல் அவள் நாயின் கழுத்தில் கயிற்றைக் கட்டினாள். அது முன்னால் இழுக்க, பின்னால் போனாள். பீச் மரத்தடியில் நின்றது.

மானின் தடம் ஓடைப் பக்கம் இறங்கிப் போயிருந்தது. மரத்தடியில், படுத்தபடியே கைக்கு எட்டுகிற தூரத்தில், முறித்த கிளை ஒன்று கிடந்தது. இலை இன்னும் முழுதாக வாடவில்லை. முறிந்த முனை ஓடையைக் காட்டவில்லை. எதிர்ப்பக்கம், மரங்களின் இடைவெளியில் அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. முனை அந்தப் பக்கம் இருந்தது.

"என்கிட்டதான போகச் சொன்னாரு," என்றாள் நாயிடம். "ஏன் வரல?"

நாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் இருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.