பார்த்த பறவைகள் காணாமல் போன மாதம்

கோடை தொடங்கிய மாதத்தில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பைனாகுலர் வழியாகப் பார்த்த பறவைகள் எல்லாம் பார்த்த இடத்திலேயே இல்லாமல் போயின. அவை பறந்து போகவில்லை. பறந்து போயிருந்தால் எந்தத் திசையில் போயின என்று சொல்ல யாராவது இருந்திருப்பார்கள். மைனா உட்கார்ந்திருந்த கிளை கொஞ்ச நேரம் ஆடும், பிறகு நிற்கும், அவ்வளவுதான். முதலில் மைனாக்கள் போயின. அடுத்து தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக நிற்கும் புறாக்கள், பிறகு கால்வாய் ஓரத்துக் கொக்குகள், அதன் பிறகு காக்கைகள். தெருக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணி அழுக்காகவில்லை, பழக்கடைக்காரருக்குக் கொத்துப்பட்ட பழம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலையில் கொஞ்சம் அதிகமாகத் தூங்க முடிகிறது என்று சிலர் சந்தோஷப்படவும் செய்தார்கள்.

கடைக்காரருக்கே விஷயம் பிடிபட வாரங்கள் ஆயின. அவர் ஒன்றும் பறவை ஆராய்ச்சிக்காரர் அல்ல. கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் கேட்டால் திருதிருவென்று விழிப்பார். பறவை பார்த்தது அவருடைய மகள். கல்லூரிக்குப் போகும் வழியில் நடைபாதைக் கடையில் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கிவந்து, விடிந்ததும் மாடிக்கு ஓடிவிடுவாள். அது எப்போதோ கீழே விழுந்து ஒரு குழல் கோணிப்போனது. அதில் பார்த்தால் எல்லாமே இரண்டாகத் தெரியும்.

“அப்பா, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்கப்பா. ஒரு குருவி ரெண்டா தெரியுது.”

“நாளைக்குப் பார்க்கலாம்மா.”

ஊரார் கண்ணாடியை ஒரு மணி நேரத்தில் சரிசெய்து துடைத்துக் கையில் கொடுக்கிற மனுஷர், சொந்த மகளுக்கு நாளைக்கு நாளைக்கு என்றே இரண்டு கோடைகளைக் கடத்தினார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சிரித்துவிட்டு, கோணல் பைனாகுலரையே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள். அவள் பார்த்த குருவி உண்மையாகவே இரண்டாகி, இரண்டும் தனித்தனியே பறந்தன. அந்த இரண்டு கோடைகளிலும் அந்த வட்டாரத்தில் பறவைகள் எக்கச்சக்கமாகப் பெருகியதற்கு அதுதான் காரணம். மழை நன்றாகப் பெய்ததால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கைமீறிவிட்டது. அவளைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த பிறகு கடைக்காரர் நெடுநாள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. கடைக்கு வருகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் அவர்கள் காதைப் பார்த்தே கண்ணாடி பொருத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, பைனாகுலரைப் பிரித்து மேசையில் பரப்பினார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எந்தத் திருகானாலும் முறுக்கி முடித்த பிறகு மனம் கேட்காமல் இன்னொரு சின்ன முறுக்கு கொடுப்பது அவர் தொழில் பழக்கம். கண்ணாடியின் காது கழன்று வந்துவிட்டால் கடைக்கு அவப்பெயர் அல்லவா. இரண்டாகத் தெரிந்ததை ஒன்றாக்கிவிட்டு, இதற்கும் அந்தக் கடைசி முறுக்கைக் கொடுத்தார். கோடை தொடங்கியதும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மகள் பார்த்ததையெல்லாம் பார்க்கக் காலையில் நடக்கப் போனார். பார்த்த ஒன்று இல்லாமல் போகத் தொடங்கியது அந்த ஒரு முறுக்கினால்தான்.

அதைக் கண்டுபிடித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன் என்பதால் எந்தத் தெருவில் எது குறைந்திருக்கிறது என்று அவனுக்குச் சட்டென்று தெரியும்.

“மாமா, நீங்க காலையில நடக்கப் போற தெருவுல மட்டும்தான் ஒரு பறவையும் இல்ல. அடுத்த தெருவுல காது கிழியுது.”

“வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா.”

“அங்க மட்டும் நிழலா என்ன? அதோ அடுத்த தெரு முனையில அந்தக் காக்காவைப் பாருங்க.”

அவர் பைனாகுலரில் பார்த்தார். காக்கை இல்லை. மச்சினன் உடனே பைனாகுலரைத் தரையைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னான். மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேரும் அஸ்திவாரமும் உள்ளவை தப்பித்துக்கொண்டன. மனிதர்கள் தப்பித்ததற்குக் காரணம் வேறு. அக்கம்பக்கத்து ஆட்களைப் பைனாகுலரில் பார்ப்பது மரியாதை இல்லை என்று கடைக்காரர் ஆரம்பத்திலிருந்தே ஒதுங்கியிருந்தார். அவருடைய நல்ல குணத்தால் ஒரு தெருவே பிழைத்தது.

அன்று மாலை அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை. மகளின் அறைக்குப் போய், ஜன்னலுக்கு மேலே காற்றுப்போக்கியில் இருந்த சிட்டுக்குருவி ஜோடியைப் பார்த்துவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள். அந்தத் தெருவில் மிஞ்சிய பறவைகள் அவை மட்டும்தான்.

“இது ஒரு குருவிதான். அவ பார்த்துத்தான் ரெண்டாச்சு” என்றாள். “இதுங்க மேல மட்டும் உங்க பார்வை படக்கூடாது.”

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. பிள்ளை கேட்டபோது செய்யாததைப் பிள்ளை போன பிறகு செய்தீர்களே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாளே அவர் பைனாகுலரைப் பழையபடி கோணலாக்க உட்கார்ந்தார். மகள் கையில் இருந்தபோது எவ்வளவு கோணியிருந்ததோ அவ்வளவு கோண வேண்டும். பழையபடி ஆனால் போன பறவைகள் திரும்பாது என்றாலும், இருப்பதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம். பெண் கண்ட ஊரைப் பெண் கண்டபடியே வைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். திருகைத் தளர்த்தித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். இரண்டு தொட்டிகள் தெரிந்தன. ஆனால் அஸ்திவாரம் உள்ளதை வைத்து எதை நிச்சயம் செய்வது? உயிருள்ள ஒன்றைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த தெருப் பறவைகளை வைத்துப் பார்க்கலாமே என்று மச்சினன் சொன்னான். அவற்றையும் அழித்துவிட்டு வரவா என்று அவர் கேட்டார். தெரு நாய் ஒன்றைப் பார்க்கலாம் என்றான் அவன்.

“வேணாம்டா. அதையும் யாராவது தேடுவாங்க” என்றாள் அக்கா.

சில நாள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு காலையில் அவர் மாடியில் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது மனைவி ஏறி வந்தாள். மாடியின் அந்தக் கோடியில் போய், துணிக் கொடிக்குக் கீழே, அவரைப் பார்த்தபடி நின்றாள்.

“என்னைப் பாருங்க” என்றாள்.

அவர் பைனாகுலரின் மேல் கையை வைத்து மூடினார். “என்ன பேச்சு இது. கீழ போ.”

“ரெண்டானா சரி. இல்லாமப் போனாலும் சரி.”

இரண்டாவதைச் சொன்னபோதுதான் அவள் குரல் தெளிவாக இருந்தது. அவள் எதற்காக ஏறி வந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. முடியவே முடியாது என்று பைனாகுலரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

“அவ போனதுல இருந்து நீங்க என் மூஞ்சியையே பார்க்கல. சுவத்தைப் பார்த்துப் பேசுறீங்க, தட்டைப் பார்த்துப் பேசுறீங்க. இதுலயாவது ஒரு தடவை பார்த்துடுங்க.”

அது உண்மை. அந்த முகத்தில் மகளின் மூக்கும் முகவாயும் இருந்தன. அதனால்தான் பார்க்கவில்லை. அவர் அழுதுகொண்டே திருகைத் தேவைக்கு அதிகமாகவே தளர்த்தினார். ஆயுசு முழுக்க ஒரு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தவர் அன்றைக்கு முதன்முதலாக ஒரு முறுக்கு குறைத்தார். பிறகு கண்ணுக்கு வைத்துப் பார்த்தார்.

பைனாகுலரை இறக்கியபோது துணிக் கொடிக்குக் கீழே இரண்டு மனைவிகள் நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி நேராகக் கீழே இறங்கி மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொருத்தி வெயில் ஏறிவிட்டது என்று சொல்லி, காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு அப்படியே நடந்தது. ஒருத்தி சமைத்தாள், கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தாள், தம்பி கல்யாணத்தில் சிரித்த முகமாக நின்று விருந்தினர்களை வரவேற்றாள். இன்னொருத்தி அறையை விட்டு வெளியே வரவேயில்லை. மூன்று வேளையும் கடைக்காரர்தான் தட்டைக் கொண்டுபோய் வைப்பார். மச்சினன் வந்தால் சமையலறையில் ஒரு தடவை, அறைக் கதவருகே ஒரு தடவை, இரண்டு இடத்திலும் அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் போவான். யார் அசல் என்று கடைக்காரர் கேட்டதில்லை. ஒவ்வொரு கோடையிலும் காலையில் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்து இரட்டித்தார். முதலில் குருவிகள், அதன் பிறகு அடுத்த தெருவிலிருந்து வழிதப்பி வந்த மைனாக்கள். சில வருஷங்களில் மாடித் துணிகள் மறுபடி அழுக்காயின. பழக்கடைக்காரர் மறுபடி முணுமுணுத்தார்.

அப்படி ஒரு கோடையில், ஒரு மத்தியானம், சமையலறையில் இருந்தவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்:

“ஒரு நாள் அவ கடைக்கு வந்தா. ‘அப்பா, இதுல என்னை ஒரு தடவை பாருங்க, ரெண்டு பேரா தெரிவேன்’னு சொன்னா. நீங்க நிமிரவே இல்ல. ஆள் இருக்கு, அப்புறம் வான்னுட்டீங்க. சிரிச்சுக்கிட்டே வந்து என்கிட்ட சொன்னா.”

“தெரியும்” என்றார் அவர். மாடியிலிருந்து இறங்கிய அன்றிலிருந்து அவருக்கு அது தெரியும். அன்றைக்கு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருந்தால், ஒருத்தி போன பிறகும் ஒருத்தி இருந்திருப்பாள்.

அறைக்குள் இருந்தவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வந்தது, ஒரே குரலில், சாத்திய கதவுக்கு உள்ளேயும் வெளியேயும். யாரிடம் போவது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, சமையலறைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதுதான் அவர் உட்காரும் இடம்.