ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

அண்ணன் செத்ததிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்ப்பூட்டு. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. யாராவது அண்ணன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். சோறு இறங்கவில்லை, தூக்கமும் போச்சு. பொறுத்துப் பார்த்த மனைவி, மனசு தேற வழி சொல்லும் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து கையில் திணித்தாள். படிக்காவிட்டால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டலும் கூடவே.

மனுஷர் படித்தார். படித்ததோடு விட்டாரா? மெஷினைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு படியையும் தாண்டாமல் செய்யக் கிளம்பிவிட்டார். முதல் பயிற்சி: ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று உன்னை நீயே வாய்விட்டுப் பாராட்டு. வீட்டில் எங்கே பாராட்டுவது? மாமியாரும் மச்சினனும் சும்மாவே சிரிக்கிற ஜாதி. ஆளுயரக் கண்ணாடி, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்றால் அவருக்குத் தெரிந்து லிஃப்ட்தான்.

மறுநாள் சர்வீஸுக்குப் போன கட்டிடத்தில், லிஃப்டை ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். வழக்கம்போல இன்டர்காமைத் திறந்து, கீழே வரவேற்பு மேசையில் இருந்த அம்மாவிடம் கேட்கிறதா என்றார். கேட்குது, கேட்குது என்று அந்தம்மா எரிந்து விழுந்தாள். உள்ளே ஆள் வேலை செய்கிறவரை அந்த லைனை மூடக் கூடாது, தொழிலில் அது கண்டிப்பு. பழகின கை அதுபாட்டுக்குத் திறந்துவிட்டது. மனசெல்லாம் புத்தகத்தில் இருந்ததால் திறந்ததையே மறந்துபோனார்.

"நான் ரொம்ப நல்லவன். பார்க்கவும் லட்சணமா இருக்கேன்" என்றார் கண்ணாடியிடம். தொப்பை ஒத்துக்கொள்ளவில்லை. அதை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்த கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

அடுத்த பயிற்சி: போனவரிடம் சொல்லாமல் விட்டதைச் சொல். புத்தகத்தை மூடிவிடலாமா என்று பார்த்தார். படியைத் தாண்டிப் பழக்கமில்லையே, என்ன செய்ய?

"அண்ணே" என்றார். "கடைசியா நீ போன் பண்ணினப்ப வேலையா இருக்கேன்னு சொன்னேன்ல... பொய்ணே. சும்மாதான் படுத்திருந்தேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

இன்டர்காம் கரகரத்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயையோ, மானம் போச்சே என்று பட்டனை நோக்கிக் கை பாய்ந்தது.

"மூடாதீங்க." அந்தம்மா குரலில் எரிச்சலைக் காணோம். "எல்லாரையும் படி ஏறிப் போகச் சொல்லிட்டேன். நான் மட்டும்தான் இருக்கேன். உங்க அண்ணன் எப்படிப்பட்டவரு?"

கையை இறக்கிக்கொண்டார். முதலில் ஒரு வார்த்தை வந்தது, அப்புறம் நிற்கவேயில்லை. அன்று மதியம்வரை லிஃப்ட் கீழே வரவில்லை.