ஒன்பது டவர்களுக்கு எதிராக ஜோதியம்மாள்

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைத்த மனைப்பிரிவில், ஒரு டைல்ஸ் குடோனின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சபை. அதில் ஜோதியம்மாளுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாஸ்டர் சகாதேவன். இன்னொருவன் பிசாசு. பிசாசு பயப்படவில்லையே என்பதுதான் ஜோதியம்மாளின் பெரிய கவலை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. காதிலோ கழுத்திலோ குன்றிமணித் தங்கம் கிடையாது, நெற்றியும் வெறும் நெற்றி. ஞானஸ்நானம் எடுத்த அன்றே உலகத்து அலங்காரங்களை எல்லாம் கழற்றிவிட்டாள். கோபத்தைக் கழற்றத்தான் மறந்துபோனாள். சபையில் எந்த வீட்டில் சீரியல் ஓடுகிறது, யார் மகள் எந்தப் பாட்டுக்கு ஆடி வீடியோ போட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சபையின் மகளிர் ஐக்கியத் தலைவி பதவிக்குப் பதினொரு வருஷமாகக் காத்திருந்தாள். பழைய தலைவி மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டதால், இப்போதுதான் அது காலியாகியிருந்தது.

போட்டிக்கு இருந்தவள் மதிவதனி. சபையில் கீபோர்டு வாசிப்பவள். வயது நாற்பதுகூட ஆகவில்லை, பேச்சில் சர்க்கரை கொட்டும். அந்தச் சர்க்கரையை ஜோதியம்மாள் ஒருநாளும் நம்பியதில்லை.

பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்தக் காலத்துப் பிசாசுக்குக் கொம்பும் வேணாம், வாலும் வேணாம். உங்க கட்டைவிரல் ஒண்ணு போதும் அவனுக்கு. மேல தள்ளிக்கினே இருக்கறீங்க, அவன் உங்கள உள்ள தள்ளிக்கினே இருக்கறான்" என்றார். வரும் புதன்கிழமையிலிருந்து நாற்பது நாளைக்கு ரீல்ஸ் பார்ப்பதில்லை என்று சபை முழுக்கக் கை தூக்கிப் பொருத்தனை செய்தது. மதிவதனி இரண்டு கையையும் தூக்கினாள். நாற்பதாவது நாள் ஞாயிறு வருகிறது, அன்றைக்கே புதிய தலைவியை அறிவிக்கிறேன் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

கை தூக்குவதோடு ஜோதியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. யுத்தம் என்றால் எதிரியின் கூடாரத்துக்கே போக வேண்டாமா? ரீல்ஸ் எங்கிருந்து வருகிறது? செல்போன் டவரிலிருந்து. எரிகோ பட்டணத்தின் மதிலை ஏழு நாள் சுற்றி வந்தார்கள், மதில் இடிந்து விழுந்தது என்று வேதத்தில் இருக்கிறது. ஊரிலுள்ள டவர்களைத் தனித்தனியாகச் சுற்றினால் ஆயுசு போதாது. ஆனால் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று போனால், கணக்காக ஒன்பது டவர் கண்ணில் படும். பஸ்ஸில் போகும்போது எண்ணி வைத்திருந்தாள்.

"ஏங்க, நாளையிலேருந்து ஏழு நாளு காலையில நான் மலையைச் சுத்தப் போறேன்" என்றாள் புருஷனிடம், பொருத்தனையின் முப்பதாவது நாள்.

அப்பாசாமிக்குக் குடித்த காபி புரையேறியது. கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சபைப் பக்கம் கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மட்டும் வருவார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சேக்காளிகளோடு மலை சுற்றுவார். ஒரு வீட்டுக்குள் இரண்டு சாமியையும் சண்டையில்லாமல் குடிவைத்திருந்தார்.

"இருவது வருஷமா கூப்டறேன், வரமாட்டேன்னே. இப்ப நீயாவே போறியா?"

"மலைய இல்லீங்க. டவர."

"எந்த டவர?"

"எல்லாத்தையும்."

அப்பாசாமி மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் கற்றுக்கொண்டது அதுதான்.

பதினான்கு கிலோமீட்டர். முதல் நாளே முழங்கால் வீங்கியது. எரிகோவை ஏழாம் நாள் மட்டும் ஏழு தடவை சுற்றினார்களே என்று நினைத்துப் பார்த்தவள், ஆண்டவருக்கு மூட்டு வலி தெரியாதா என்று அதைத் தள்ளுபடி செய்துகொண்டாள். ஒவ்வொரு டவர் வந்ததும் நின்று, வலது கையை நீட்டி, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே, பிசாசு அசையாதபடி அதைக் கட்டி ஜெபித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக அவள் அழுத அழுகை நிஜமான அழுகை, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆறாம் நாள் அடி அண்ணாமலைக்கு வரும்போது செருப்பு வார் அறுந்தது. ஓரமாகப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். கடை வைத்திருந்த சரசு என்கிற பெண், "யம்மா, மூஞ்செல்லாம் வாடிப்போச்சே" என்று மோர் கொடுத்தாள். சாமிக்குப் படைத்ததா என்று விசாரித்து, இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் குடித்தாள். அதற்குப் பிறகு ஆறாவது டவர். கையை நீட்டிக் கண்ணை மூடியிருந்தபோது காலில் ஏதோ பட்டது. திறந்து பார்த்தால், வெளியூர்க் குடும்பம் ஒன்று வரிசையாகக் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. "வேணாம்மா, எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்று பதறித் தூக்கிவிட்டாள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கையில் போன் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள், ஏழாவது சுற்றும் முடிந்த சாயங்காலம், அப்பாசாமி சிரிப்பை அடக்க முடியாமல் போனை நீட்டினார். "பாருடி. உன் மூஞ்சி ஊரு பூரா சுத்துது."

வீடியோவில் டவர் இல்லை. வெட்டி எறிந்திருந்தார்கள். மலை இருந்தது, மலைக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் வெறுங்காலோடு ஜோதியம்மாள் இருந்தாள். கை நீட்டி ஆசீர்வதிக்கிறாள், கண்ணில் நீர் வழிகிறது, காலடியில் ஒரு குடும்பம் கிடக்கிறது. பின்னால் நாதஸ்வரம் வேறு. 'பொட்டுத் தங்கம்கூட இல்லாத துறவி அம்மா' என்று மேலே எழுதியிருந்தது. நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

ஜோதியம்மாள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். முடிந்தது கதை. மலை சுற்றினவள் என்று பேர் வாங்கியாகிவிட்டது, இனி தலைவி பதவி மதிவதனி வீட்டு வாசலில் போய் நிற்கும். "அணைங்க அத. நான் பொருத்தனையில இருக்கேன்" என்று கத்தினாள்.

அவரும் அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார். போன் கட்டில்மேல் கிடந்தது.

கீழே ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்போம் என்று எடுத்தாள். 'இந்த அம்மா முகத்துல என்னா ஒரு சாந்தம்' என்று ஒருத்தர். 'பார்த்ததும் செத்துப்போன எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு' என்று இன்னொருத்தர். ஜோதியம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷ ஊழியத்தில் அவளிடம் சாந்தம் இருப்பதாக ஒரு ஜீவன் சொன்னதில்லை. 'சிஸ்டர் கொஞ்சம் கோவக்காரங்க' என்பதைத்தான் மரியாதையாகவும் மரியாதை இல்லாமலும் கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்பாசாமி குளித்து முடிப்பதற்குள் ஒன்பது தடவை ஆனது.

நாற்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாட்டு முடிந்து, காணிக்கை முடிந்து, பாஸ்டர் மைக்கைப் பிடித்தார். "மகளிர் ஐக்கியத்துக்கு ஜோதி சிஸ்டர நியமிக்கலாம்னு ஜெபிச்சி முடிவு பண்ணியிருக்கோம். யாருக்காவது எதாவது சொல்லணுமா?"

கீபோர்டுக்குப் பின்னாலிருந்து மதிவதனி எழுந்தாள். "மன்னிக்கணும் பாஸ்டர். ஜோதி அக்கா மேல எனக்கு ரொம்ப மரியாத. ஆனா அக்கா மலையைச் சுத்தினாங்க, ஜனங்க அவங்க கால்ல உழுந்தாங்கன்னு பேசிக்கறாங்க."

"யாரு பேசிக்கறாங்க?"

"பாத்தவங்க."

"எங்க பாத்தாங்க?"

எங்கே பார்த்திருக்க முடியும் என்பது ஒரே நேரத்தில் சபை முழுவதற்கும் உறைத்தது. நாற்பதாவது நாள் இன்னும் முடியவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டுக் காலையிலிருந்து குசுகுசுத்துக்கொண்டிருந்த முதல் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் கூரையில் மின்விசிறி ஓடுகிறதா என்று ஆராய ஆரம்பித்தார்கள்.

"பக்கத்து வீட்டக்கா காட்டினாங்க" என்று முனகினாள் மதிவதனி.

"கண்ண மூடியிருக்கலாமேம்மா" என்றார் பாஸ்டர்.

சிரிப்பு கிளம்பியது. மதிவதனி முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். ஜோதியம்மாளுக்கு ஒரே குஷி. ஆண்டவர் எதிரியை அவள் தோண்டிய குழியிலேயே தள்ளிவிட்டார். இனி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், பதவி தானாக மடியில் விழும்.

"சிஸ்டர், அப்பிடி எதாவது வீடியோ இருக்கா?" என்று பாஸ்டர் திரும்பினார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார். 'நான் ரீல்ஸ் பாக்கறதில்ல பாஸ்டர்' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயம் வந்தது.

எழுந்து நின்றாள். "இருக்குது பாஸ்டர். டவருங்களக் கட்டி ஜெபிக்கப் போனேன், மலையைக் கும்புடறேன்னு எடுத்துப் போட்டுட்டாங்க. அது என் தப்பில்ல." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அத நான் இருவத்தி மூணு தடவ பாத்தேன். அது என் தப்பு. ஊருல இருக்கற டவரெல்லாம் கட்டினேன். எனக்குள்ள ஒருத்தி பெருமைக்கு ஏங்கிக்கினு கெடந்தா, அவளக் கட்டல. என்னைத் தலைவியாப் போடாதீங்க."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, எல்லாருக்கும் இன்னொரு நாற்பது நாள், தலைவி பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார். சபை பெருமூச்சு விட்டது. அது பரிசுத்தமான பெருமூச்சாகத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். ஜோதியம்மாள் படிக்கட்டு ஓரமாகத் தனியாக நின்றாள். பதினொரு வருஷக் கனவு போனதில் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் எதையோ இறக்கி வைத்த மாதிரி லேசாகவும் இருந்தது. யுத்தத்தில் முதல்முறையாக ஜெயித்திருக்கிறோம் என்று தோன்றியது.

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "மன்னிச்சிடுங்கக்கா. நானும் பத்து தடவைக்கு மேல பாத்தேன்."

"போவட்டும் உடு."

"இல்லக்கா, மனசுல பட்டத சொல்றேன். அதுல நீங்க அவ்ளோ அழகா இருந்தீங்க."

ஜோதியம்மாள் டீ கிளாசை இறுகப் பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். சுவரைப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"எந்த எடத்துல?" என்று கேட்டுவிட்டாள்.