எது உங்க சத்தம்?

கல்யாணமான புதிதில், நாசரேத் பக்கம் ஒரு கோயில் கொடைவிழாவில் எங்கள் குழு வாசித்த கச்சேரியை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அன்புசெல்வி என்னிடம் கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அதுல எது உங்க சத்தம்?"

நான் பேஸ் கிதார்க்காரன். நாலு தந்தி, நாலும் கனமான தந்தி. பாட்டுக்கு அடியில் தும் தும்மென்று ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் எங்களுடையது. அது இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் பாட்டு நொண்டும். இதையெல்லாம் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தெரியாத சத்தத்துக்கா இம்புட்டுப் பெரிய பெட்டியத் தூக்கிட்டு அலையுதீய?" என்றாள். புது மனைவி, அதனால் சிரித்தேன். அதே கேள்வியை முப்பது வருஷமாகக் கேட்டால் எவனுக்குச் சிரிப்பு வரும்?

பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தோம். நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் கம்பெனி. நான் செக்கிங் சூப்பர்வைசர், அவள் பேக்கிங். தைத்து வரும் பீஸில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, எங்காவது தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நல்ல பீஸை ஒருவரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை, அது பாட்டுக்குப் பெட்டிக்குள் போய்விடும். என் வாத்தியமும் அப்படித்தான் என்று ஒருநாள் அவளுக்கு விளக்கினேன். "அப்ப உங்க சத்தமும் பெட்டிக்குள்ள போயிட்டா?" என்றாள். இவளிடம் போய் உவமை சொன்னேனே, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் மதுரைக்காரன் ஜெயபாண்டியின் குழுவில் ஞாயிறுதோறும் வாசித்தேன். ஜெயபாண்டி போய்ச் சேர்ந்தான், குழுவும் அவனோடு போனது. கிதார் பரணுக்கு ஏறியது. மகள் ஆஷாவைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பிய பிறகு, சாயங்காலம் வீட்டில் டிவியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் ஏணி வைத்து ஏறிக் கிதாரை இறக்கினேன். கோயமுத்தூருக்குப் போய்ப் புதுத் தந்தி வாங்கி மாட்டினேன். ரிட்டயர் ஆகிற வயசில் இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஆசை யாரை விட்டது?

வாசிக்க ஆள் தயார், சேர்ந்து வாசிக்கக் குழு வேண்டுமே. முதலில் எங்கள் சர்ச்சுக்குப் போனேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி ரொம்ப மரியாதையான பையன். "பேஸ் நான் லெஃப்ட் ஹேண்ட்லயே குடுத்திருவேன் பிரதர். நீங்க காணிக்கைப் பை எடுக்கிறீங்களா?" என்றான். ஜெபம் முடிந்த கையோடு கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆள் தேவை என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்த சில பையன்களுக்குப் போன் செய்தேன். "பையனுக்குக் கேக்குறீங்களா அங்கிள்?" என்றது எதிர்முனை. பையன் இல்லை, நான்தான் என்றேன். அப்புறம், "சூப்பர் அங்கிள், நாங்க கூப்பிடுறோம்" என்றார்கள். இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சாமளாபுரத்தில் ஒரு குழு கிடைத்தது. விசைத்தறி ஷெட்டுக்குப் பின்னால் ஒத்திகை. தறி ஓடுகிற சத்தத்தில் நான் வாசித்தது அவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. "அருமையா இருந்துச்சுங்க" என்று கை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை.

கடைசியில் குகன் மாட்டினான். வேலம்பாளையத்தில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் அவன் ஆர்க்கெஸ்ட்ரா ஆபீஸ். முப்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன். வரிசையாக இரண்டு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்து, ராத்திரி தூங்காமல் பயிற்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்ணா, உங்ககிட்ட கோட்டு இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். "பரவால்லீங்க, நம்மகிட்ட இருக்குது. கிதாரக் கொஞ்சம் மாட்டி நில்லுங்க பாக்கலாம்" என்றான். மாட்டி நின்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நரை நல்லாருக்குதுங்ணா. தலைக்கு டை கிய்யி அடிச்சுராதீங்க. சீனியர் ஆளுன்னு ஒரு கெத்து இருக்கோணும். வயரு மட்டும் சொருக வேண்டாமுங்க."

எனக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். பாட்டெல்லாம் லேப்டாப்பில் டிராக்காகத் தயாராக இருக்கிறது, அதில் பேஸும் சேர்ந்தே இருக்கிறது. பாடுகிறவர்கள் மட்டும் நிஜமாகப் பாடுவார்கள். ஆனால் இந்த ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்கள் மேடையில் தலையை எண்ணித்தான் பேசுவார்கள். பன்னிரண்டு பேர் செட் என்றால் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டும். அதில் ஒரு தலை குறைகிறது.

"ஏலே, நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்ணா" என்றான் குகன், முகம் சுளிக்காமல். "நம்ம டிரம்ஸ்காரரே பாதி நேரம் சும்மாதானுங்க தட்டறாரு. வீட்டுல யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் படியிறங்கியபோதே அந்தப் பேச்சைத் தலைமுழுகியிருக்க வேண்டும். செய்யவில்லை. மேடை, விளக்கு, கிதார்ப் பட்டையைத் தோளில் மாட்டும்போது வருகிற கனம், இதெல்லாம் ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் வந்தது. காலையில் டீ குடித்துக்கொண்டே அவனுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கச்சேரி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன், வயர் விவகாரத்தைச் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒப்புக்குச் சப்பாணியாக ஐந்தாறு மேடை ஏறினேன். வயர் இல்லாவிட்டாலும் ஒரு இடத்திலும் தப்பில்லாமல்தான் வாசித்தேன். யாருக்காக என்று கேட்டால் பதில் தெரியாது. காங்கயம் பக்கம் ஒரு காதுகுத்தில், வெள்ளைவேட்டிப் பெரியவர் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து என் கையைப் பிடித்தார். "ஏஞ்சாமி, மத்தவிங்க சும்மா ஆட்டந்தான் ஆடறாங்க. நீங்க வாசிச்சதுதானுங்க வாசிப்பு" என்றார். நன்றிங்க என்றேன். கிதாரைத் திருப்பி, வயர் இல்லாத ஓட்டையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தக் கச்சேரி வந்தது. எங்கள் கம்பெனி முதலாளியின் மகள் மோனிஷாவுக்கு ரிசப்ஷன், பல்லடம் ரோட்டில் பெரிய மண்டபம். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை கம்பெனி மொத்தத்துக்கும் அழைப்பு. ஆர்க்கெஸ்ட்ரா குகனுடையது. அன்புசெல்வி மெரூன் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை காதைத் தீட்டிக்கிட்டு உக்காரப் போறேன். எந்தப் பாட்டுல உங்க சத்தம் நல்லா வரும்? அதை மட்டும் சொல்லிருங்க, கண்டுபிடிச்சிருதேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். முப்பது வருஷமாக அவளுக்குக் கேட்காத ஒன்றை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று அவள் நினைக்கிறாள், நானோ வயர் இல்லாத கிதாரோடு நிற்கப் போகிறேன். லேப்டாப்பில் எவனோ வாசித்ததைக் கேட்டுவிட்டு, என் புருஷன் வாசித்தது என்று அவள் சந்தோஷப்பட்டால், அதைவிடக் கேவலம் எனக்கு வேறு கிடையாது.

அவளுக்குப் பிடித்த பழைய மெலடி ஒன்று உண்டு. தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் வராது, பேஸ் மட்டும் தனியாக வரும். அதைச் சொன்னேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் உட்கார்ந்து, போனில் ஒரிஜினல் பாட்டைப் போட்டு, கூடவே வாசித்தேன். விரல் நுனி தோலுரிந்து காய்த்தது. உயிரோடு இருப்பது போல் இருந்தது.

குகன் குழுவில் மைக்செட்டைப் பார்த்துக்கொள்கிறவன் ராக்கையா, சாத்தான்குளத்துக்காரன். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள் என்றால் இந்த ஊரில் ரத்த சொந்தம் மாதிரி. அவனைத் தனியாக ஓரங்கட்டினேன். "ஒரே ஒரு பாட்டுக்கு என் கிதாருக்கு ஸ்பீக்கர்ல ஒரு லைன் குடுப்பா. டிராக்கோட சேர்ந்துதான் ஓடும், குகனுக்குத் தெரியக்கூட தெரியாது."

"அண்ணாச்சிக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" என்றான் ராக்கையா. "சத்தத்த நல்லா ஏத்தியே விடுதேன்."

மண்டபம் நிரம்பியிருந்தது. அன்புசெல்வி பேக்கிங் பெண்களைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே இடம் பிடித்துவிட்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் புருவத்தைத் தூக்கி, இதுவா, இதுவா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். கடைசியில் பாடகி நித்யஸ்ரீ மைக்கைப் பிடித்து அந்தப் பாட்டை அறிவித்தாள். குனிந்து வயரைச் சொருகினேன். மனைவியைப் பார்த்துத் தலையசைத்தேன்.

தொடக்கத்தை வாசித்தேன். ஸ்பீக்கர் எல்லாம் சனங்களைப் பார்த்து இருந்தது, எனக்கென்று மேடையில் ஒரு பெட்டி கிடையாது. ஆனாலும் பலகை அதிர்வது காலில் தெரிந்தது. அது என் அதிர்வு. எத்தனை வருஷம் ஆகியிருந்தது! கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

திறந்தபோது நித்யஸ்ரீ ஒரு காதைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டு பாடினாள். முன்வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அப்போதுதான் நான் வாசிப்பதை நிறுத்தி ஒரு கணம் காது கொடுத்தேன். டிராக் வேறு சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது.

நித்யஸ்ரீக்கு அன்று தொண்டை கட்டியிருந்ததாம். அதனால் மத்தியானமே அந்தப் பாட்டின் டிராக்கை அரை சுருதி இறக்கி வைத்துவிட்டார்களாம். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. வாசிக்காதவனிடம் சுருதியை எதற்குச் சொல்வார்கள்? அரை சுருதி தள்ளி இரண்டு பேர் ஒரே பாட்டைப் பாடினால் சோற்றில் கல் கடிக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கல்லை ராக்கையா வேறு நன்றாக ஏற்றிவிட்டிருந்தான். விரலை இறக்கிச் சேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், பதற்றத்தில் அதுவும் வழுக்கியது. குகன் சனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பக்கம் வந்தான். சிரித்துக்கொண்டே வயரைப் பிடுங்கினான்.

"போதுமுங்ணா" என்றான் மெதுவாக.

மேடைக்குப் பின்னால் அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "கோட்டக் கழட்டி அங்க மாட்டீட்டுப் போங்ணா. சாப்ட்டுட்டுப் போங்க" என்றான். கழற்றி மாட்டினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். இனி இந்த வட்டாரத்தில் எந்தக் குழுவும் என்னை நிற்க வைக்கக்கூடக் கூப்பிடாது. ராக்கையா எட்டிப் பார்த்து, "சத்தம் பத்துச்சா அண்ணாச்சி?" என்றான்.

இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். எனக்கு ஒரு நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கேட்டுச்சுங்க!" என்றாள். "ஆத்தாடி, எவ்வளவு பெருசாக் கேட்டுச்சு! எதோடயும் சேராம, தனியா, இதோ இதுதான்னு கைய வச்சுக் காட்டலாம் போல இருந்துச்சு. இவளுக எல்லாருக்கும் சொன்னேன், எங்க வீட்டுக்காரர் சத்தம்னு."

பக்கத்தில் இருந்த பேக்கிங் பெண்கள், "ஆமாங்ணா, எங்களுக்கே கேட்டுதுங்க" என்றார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் இலையில் தன் ஜாங்கிரியை எடுத்து வைத்தாள். அதைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, "அந்தப் பாட்ட எனக்கு மட்டும் ஒருக்க வாசிங்க" என்றாள். எனக்கு நப்பாசை. இப்போதாவது சரியானதைக் கேட்கட்டும், கேட்டால் அவளுக்கே வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன். சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்து, போனில் ஒரிஜினலைப் போட்டு, கூடவே வாசித்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. தந்தியும் பாட்டும் ஒன்றாகக் கலந்து ஓடியது. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் வாசித்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டாள். முகம் மெல்ல வாடியது.

"இல்லையே, அன்னைக்கு மாதிரி இல்லையே" என்றாள். "எது உங்க சத்தம்?"

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விரலை ஒரு கட்டம் மேலே தள்ளினேன், அன்றைக்குப் போலவே அரை சுருதி விலகியது. கை கூசியது. செக்கிங் டேபிளில் வேறு எவனாவது அப்படி ஒரு பீஸை அனுப்பியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

"ஆங், இதுதான்! இதுதான்!" என்று என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே வாசித்தேன்.