ஆடு துலுக்கிய பொழுது

கிழக்கே கரட்டுக் குன்றுகள் வெயிலில் காய்ந்து கிடக்க, மேற்கே காவிரியை நோக்கிச் சரியும் காடு பங்குனி வெப்பத்தில் இலையுதிர்த்து நிற்க, இடைப்பட்ட செம்மண் மேடுகளில் கேழ்வரகு அறுத்த தாள்களை ஆட்டு மந்தைகள் கறித்துத் திரிய, ஒகேனக்கல் செல்லும் பேருந்துகள் புழுதி கிளப்பி விரையும் பென்னாகரத்துச் சாலையோரம், உச்சிப்பொழுது சற்றே சாய்ந்த நேரத்தில், கலைக்கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறை அறை மட்டும் சாளரங்கள் அடைபட்டு இருண்டு கிடந்தது. பட்டப்பகலில் இருட்டுவானேன் என்று கேட்பீர்களாயின், கற்றறிந்த அன்பர்காள், அங்கே திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது! செய்யுளும் உரையும் குடியிருந்த அறையில் திரைப்படம்! துறைத்தலைவர் தமிழ்மணிக்கு வயிறு எரிந்ததில் வியப்பென்ன?

முதுகலை மாணவர் ஆய்வேட்டுக்கு மாற்றாகக் குறும்படமும் அளிக்கலாம் என்று அவ்வாண்டுதான் புதுவிதி வந்திருந்தது. நூலைப் படிப்பவன் தன் மனக்கண்ணால் காண்கிறான்; படமோ பிறன் கண்ணைப் பிடுங்கி நம் முகத்தில் பொருத்திவிடுகிறது; வெட்டியும் ஒட்டியும் இல்லாததை உள்ளதாக்கிக் காட்டும் இந்தக் கண்கட்டு வித்தைக்கு, மாந்தர் வாழ்வை ஆயும் கல்வியில் இலக்கியத்தோடு சரியாசனமா என்று அவர் கண்டவரிடமெல்லாம் பொருமிக்கொண்டிருந்தார். பாப்பாரப்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வந்து படித்த யுவராணி என்னும் மாணவிதான் அவ்விதியை நம்பிப் படமெடுத்தவள். தமிழ்மணி ஒப்பமிடாவிடில் அவளுக்குப் பட்டமில்லை. அவள் அடைந்திருந்த பள்ளி ஆசிரியப் பணியும் கைநழுவிவிடும்.

படம் அவளூர்த் திருவிழாவைப் பற்றியது. நேர்ந்துவிட்ட ஆட்டின்மீது மஞ்சள் நீர் தெளிப்பார்கள். அது உடல் சிலிர்த்து உதறினால் தெய்வம் இசைந்தது என்று பொருள். அதற்கு ஆடு துலுக்குதல் என்பது ஊர்வழக்கு. திரையில் நீர் தெளிக்கப்பட்டது, மறுநொடியே ஆடு துலுக்கியது, பெண்கள் குலவையிட்டனர். விளக்கைப் போடச் சொன்னார் தமிழ்மணி.

"இக்காட்சி மெய்யா, யுவராணி?"

"மெய்தாங்க ஐயா."

"நீர் தெளிக்கையில் வேம்பின் நிழல் மேற்கே கிடக்கிறது. ஆடு துலுக்குகையில் கிழக்கே நீள்கிறது. ஒரு நொடிக்குள் ஞாயிறு வானத்தைத் தாண்டிக் குதித்ததா?"

அவள் தலை கவிழ்ந்தாள். "நடுவுல கொஞ்சம் வெட்டிட்டனுங்க."

"வெட்டியது என்ன?"

"அத மட்டும் கேக்காதீங்க ஐயா."

அகப்பட்டது திருட்டு என்று உள்ளூரக் குளிர்ந்தார் பேராசிரியர். வேறொரு நாளில் வேறோர் ஆடு உதறியதை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாள் என்பதே அவர் துணிபு. கேட்டு அறிந்துவிடுவதென்று மறுநாளே அவளூருக்குப் பேருந்து ஏறினார்.

யுவராணியின் தந்தை சென்னப்பன், ஊரில் எவர்க்கும் வளையாத கழுத்தினர் என்று பெயரெடுத்தவர். வாசல் வேம்பின் கீழ்க் கட்டிலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சாமி, எங்க வூட்டுக்கு வாத்தியாரு வந்ததே பெருசுங்க" என்றார். அவர் தங்கை ராமக்காள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ்மணிக்கோ அந்த மோரில்கூடக் கையூட்டு மணம் வீசியது. குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, ஆடு துலுக்கியது உண்மைதானா என்று கேட்டார்.

"காலைல தண்ணி தெளிச்சதுங்க, பொழுது சாயத்தான் துலுக்குச்சு" என்றாள் ராமக்காள்.

"அதுவரை என்ன நடந்தது?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "அது எங்க குடும்பத்துச் சேதிங்க" என்றார் சென்னப்பன்.

ஐயம் என்பது இருக்கிறதே, அது ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் எதைத் தின்றாலும் கொழுக்கும். எல்லாரும் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார் பேராசிரியர். "வெட்டிய பகுதியைக் காட்டு. இல்லையேல் ஒப்பம் கிடையாது" என்று கதவோரம் நின்ற யுவராணியிடம் கண்டிப்பாகக் கூறினார்.

"காட்ட மாட்டனுங்க ஐயா. பட்டம் போனாப் போவுது" என்றாள் அவள்.

சென்னப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். "எம்புள்ள படிப்பு என்னால கெட வேணாங்க. எந்தங்கச்சி தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டான்னு இத்தன வருசமா அவள இந்த வாசப்படி மிதிக்க வுடல நானு. ஆடு துலுக்கவேயில்லீங்க. ஆருக்கோ மனக்கொற இருக்குதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. பகலெல்லாம் வீம்பா நின்னேன். பொழுது சாயறப்ப, ஊரே பாக்க, அவ கால்ல வுழுந்தனுங்க. அப்பறந்தான் துலுக்குச்சு. அதத்தான் புள்ள வெட்டிப்புட்டா."

"போதும்பா!" என்று கதறினாள் யுவராணி. ராமக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தமிழ்மணி, படத்தை இன்னொருமுறை காட்டுமாறு தாழ்ந்த குரலில் கேட்டார். மடிக்கணினியில் அது மீண்டும் ஓடியது. இம்முறை அவர் நிழலைப் பார்க்கவில்லை. ஆட்டின் அருகே நின்ற மனிதரைப் பார்த்தார். நீர் தெளிக்கும்போது சென்னப்பனின் நெற்றியில் திருநீறு பளிச்சென்றிருந்தது, வேட்டி வெளுப்பாய் இருந்தது. ஆடு துலுக்கும்போதோ அத்திருநீற்றின்மேல் செம்மண் அப்பியிருந்தது; வேட்டியின் முழங்காலிலும் செம்மண். கல்லூரியின் பெருந்திரையிலும் அது அப்படியேதான் தெரிந்திருக்கும்.

"அத வெட்ட மட்டும் மனசு வரலீங்க ஐயா" என்றாள் யுவராணி.

கட்டிலில் அமர்ந்தபடியே அவளது தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தார். பின்பு மோரை எடுத்துக் குடித்தார், அது புளித்துப்போயிருந்தது.

திரும்பும் பேருந்தில், தாம் ஆண்டாண்டாய்ப் பாடஞ்சொன்ன பழம்பாடல்கள் ஒவ்வொன்றாய் நினைவில் எழுந்தன. ஓரடிக்கும் மறுவடிக்கும் இடையே புலவன் வெட்டி மறைத்த பகல்கள் எத்தனையோ, அங்கே யார் யார் காலில் விழுந்தனரோ, சீரும் தளையும் பிரித்துக் காட்டிய தமக்கு அவர்தம் நெற்றிகள் ஒருநாளும் தெரியவில்லையே என்று ஏங்கினார். படத்தை ஐயுற்றவர் இப்போது தம் கண்களையே ஐயுறலானார். அவரைச் சுட்டது அது மட்டுமன்று. சென்னப்பன் என்னும் அந்த மானமுள்ள மனிதர் இருமுறை மண்ணில் விழுந்தார், ஒருமுறை உடலால், மறுமுறை சொல்லால். முதன்முறை கேட்டது தெய்வம். இரண்டாம் முறை கேட்டவர் தமிழ்மணி. நெற்றியைப் பார்த்திருந்தால் அவர் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.