ஒரு வருஷம் பிந்திப் பிறந்த கார்

"புகை சுத்தம், சார். போன வருஷம் வாங்கின வண்டியைச் சில பேர் கொண்டு வருவாங்க. அதுகூட இவ்வளவு சுத்தமா விடாது," என்றான் புகைப் பரிசோதகன் க்வாங். நல்ல சேதி சொன்னவன் முகத்தில் சிரிப்பைக் காணோம். கையைத் துணியில் துடைத்தபடியே நின்றான். துடைக்க அழுக்கு ஏதும் இருக்கவில்லை.

ஹெர்மிலோ அர்விசு காத்திருந்தார். அவருக்குப் பின்னால், பரிசோதனைக்கூடத்தின் உருளைகள் மேல், அவருடைய கார் இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கருஞ்சிவப்பு கப்ரீஸ். நீளமென்றால் அப்படியொரு நீளம். மூன்று பக்கமும் கண்ணாடியாய் விரிந்த பின்புறம். அந்தக் கண்ணாடியின் அடியில், பொன்னிற எழுத்தில், காரின் பெயர்: யா மேரோ.

"ஆனா பானட்டைத் திறந்து பார்த்தேன். காற்றுப் பம்பு இல்லை. அது இருந்த இடத்துல ரெண்டு போல்ட் அடைச்சு வச்சிருக்கீங்க. அதுக்கும் குரோம் பூசி."

"அழகா இருக்குல்ல?"

"ரொம்ப அழகு. ஃபெயில்."

"தம்பி, அந்தப் பம்பு எதுக்கு? புகையைக் குறைக்க. புகைதான் சுத்தம்னு இப்ப நீயே சொன்னே."

"எனக்குப் புரியுது சார். கம்ப்யூட்டருக்குப் புரியாது. பம்பு இருக்கான்னு கேக்குது. இல்லைன்னு அழுத்தினா உங்க கதை முடிஞ்சுது. இருக்குன்னு அழுத்தினா என் லைசென்ஸ் முடிஞ்சுது."

"இது எழுபத்தஞ்சு மாடலா இருந்தா?"

"எழுபத்தஞ்சா இருந்தா நீங்க என்கிட்ட வரவே வேண்டாம். கரியாக் கக்கிக்கிட்டு சான் ஹோசே முழுக்கச் சுத்தலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

ஹெர்மிலோ தலையாட்டினார். இந்தப் பதிலை அவர் பத்தொன்பது வருஷமாக வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறார். கார் தொழிற்சாலையை விட்டு வந்தது எழுபத்தைந்து நவம்பரில். ஆனால் அடுத்த வருஷத்து மாடலை முந்தின வருஷமே செய்து தள்ளுவது கம்பெனிகளின் வழக்கம். காகிதத்தில் அது எழுபத்தாறு. சட்டத்தின் கோடு அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது.

ஒரு காலத்தில் அந்தக் கோடு நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. முப்பது வயதான கார்களுக்குப் புகைப் பரிசோதனை வேண்டாம் என்றது கலிஃபோர்னியா. முதலில் எழுபத்துமூன்று விடுதலையானது. பிறகு எழுபத்துநான்கு. அடுத்து எழுபத்தைந்து. ஹெர்மிலோ விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டாயிரத்து ஆறு பிறந்தால் நம்முடையது. இரண்டாயிரத்து நான்கு கோடையில் காருக்குப் பரிசோதனை முடித்துச் சான்றிதழ் வாங்கினார். இரண்டு வருஷத்துக்குச் செல்லும். அது முடியும்போது சட்டமே விட்டுவிடும். இதுதான் கடைசிப் பரிசோதனை.

அன்றே பின்கட்டில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டார்கள். கார் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். மகள் யதிராவின் ஞானத்தகப்பனும் மெக்கானிக்குமான சேமா எஞ்சினிலிருந்து பம்பைக் கழற்றினார். குரோம் பூசிப் பளபளத்த எஞ்சின் நடுவே அது ஒரு கறுத்த மருவைப் போல இருந்ததென்று எல்லோருக்கும் எப்போதும் குறைதான். யாரோ அதைக் குப்பையில் போடப் போனார்கள். சேமா விடவில்லை. "இருபத்தெட்டு வருஷம் உழைச்ச ஜீவன். மரியாதையா அடக்கம் பண்ணணும்" என்றார். தோளில் ஒரு மேஜைவிரிப்பைப் பாதிரி மாதிரிப் போர்த்திக்கொண்டு பிரசங்கம் செய்தார். குழி வெட்டி, பம்பை இறக்கி, மேலே பியர் ஊற்றினார்கள். மனைவி ஒப்துலியா அடுப்பங்கரை வாசலில் நின்று, "பைத்தியங்களா" என்று சிரித்தார்.

அந்த இலையுதிர்காலத்தில் சட்டம் மாறியது. கோடு இனி நகராது. எழுபத்தைந்து வரைக்கும் விடுதலை; எழுபத்தாறும் அதற்குப் பின் வந்தவையும் உலகம் உள்ளவரை பரிசோதனைக்கு வரவேண்டும். வரிசையில் நின்றவரின் முறை வந்ததும் ஜன்னலைச் சாத்தியதுபோல.

உடனே தோண்டி எடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த வசந்தத்தில் யதிராவுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. பெண்ணுக்குப் பதினைந்தானால் ஊரைக் கூட்டி விருந்து வைத்து ஆடுவது அவர்கள் வழக்கம்; ஆட இடம் வேண்டுமென்று பின்கட்டு முழுவதும் சேமாவே நின்று கான்கிரீட் போட்டார். "இனி மூணாம் நாள் உயிர்த்தெழ முடியாது, பாரு" என்று கரண்டியால் ஈரச் சிமெண்டைத் தட்டினார். ஹெர்மிலோவும் சிரித்தார். சட்டத்தை எப்படியும் அடுத்த வருஷம் திருத்திவிடுவார்கள் என்று சங்கத்தில் பேச்சு. அடுத்த வருஷமும் அதே பேச்சு. சான்றிதழ் காலாவதியானதும் காரை ஓடாத வண்டி என்று எழுதிக்கொடுத்து கேரேஜில் ஏற்றினார். அப்படி எழுதிக்கொடுத்தால் தெருவில் நிறுத்தக்கூட முடியாது.

யா மேரோ என்றால் ஸ்பானிஷ் பேச்சில் இதோ ஆயிற்று, இன்னும் கொஞ்சம்தான். காரைக் கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆனபோது, எப்போ முடியும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹெர்மிலோ சொன்ன பதில் அது. அதையே பெயராக எழுதினார். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

கார் ஊர்வலத்துக்கு ஊரில் வெகுகாலம் இருந்த தடையை நகராட்சி நீக்கியபின் ஞாயிறுதோறும் கிங் சாலையில் பழைய கார்கள் மெல்ல ஊர்ந்து போகும். பாட்டு கேரேஜ் கதவிடுக்கு வழியாக வரும். ஹெர்மிலோ உள்ளே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பார். சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியின் ஒவ்வொரு கீறலும் அவருக்கு மனப்பாடம்.

இப்போது அந்தச் சுவரும் போகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த சொந்தக்காரர் இறந்துபோய், பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இடித்துவிட்டு மாடிவீடு கட்டப்போகிறார். சனிக்கிழமை காலிசெய்ய வேண்டும். போகிற அடுக்குமாடியில் கேரேஜ் இல்லை. தெருவில் விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விற்கலாமென்றால் விற்பவன் புகைச் சான்றிதழ் தரவேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே காகிதம்.

இன்று புதன். ஒரு நாள் அனுமதிச் சீட்டில்தான் கார் இங்கே வந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு சீட்டு வாங்கிட்டு வரேன். பம்போட," என்றார் ஹெர்மிலோ.

"எங்கே கிடைக்கும் சார்? நாடு முழுக்கத் தேடினாலும் இந்த மாடலுக்குக் கிடைக்காது."

"என் வீட்டுல இருக்கு. கொஞ்சம் ஆழத்துல."

*

சேமா வாடகைக்கு எடுத்த உடைப்பு எந்திரத்தோடு வியாழன் காலையில் வந்தார். கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தார். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் என்ற உறவில் ஹெர்மிலோவை அவர் கூப்பிடுவது கொம்பாத்ரே என்றுதான்.

"கொம்பாத்ரே, கில்ராய்ல ஒருத்தன்கிட்ட நொறுங்கிப்போன எழுபத்தஞ்சு ஒண்ணு கிடக்கு. அதோட சேசிஸ் நம்பர் தகட்டைக் கழட்டி உன் வண்டியில வச்சோம்னா..."

"அப்புறம் அது அவன் வண்டி. என் வண்டி செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஜெயிலுக்குப் போறதையும் சேர்த்துக்கோ."

"சும்மா சொன்னேன்பா."

"நீ சும்மா சொன்னதாலதான் நான் பம்பைப் புதைச்சேன்."

சேமா எந்திரத்தை இயக்கினார். வேலியிலிருந்து நாலு அடி என்று அவருக்கு நிச்சயம். கான்கிரீட் வெடித்து, மண் வந்தது. ஒரு மணி நேரம் தோண்டினார்கள். ஒரு கோழி எலும்பும் பியர் மூடியும் கிடைத்தன. ஹெர்மிலோவுக்கு அடுப்பின் பக்கம் என்று ஞாபகம். அங்கேயும் உடைத்தார்கள். அங்கே மூடிகூடக் கிடைக்கவில்லை.

"நீ எங்கே நின்னு பிரசங்கம் பண்ணினே?"

"கொம்பாத்ரே, அன்னைக்கு நான் நின்னேனாங்கறதே எனக்குச் சந்தேகம்."

ஒப்துலியா வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்தார். இரண்டு குழிகளையும் பார்த்தார். இரண்டு கிழவர்களையும் பார்த்தார்.

"ஜெரேனியம் தொட்டிக்குக் கீழே," என்றார்.

"என்ன?"

"அங்க மண்ணு சரியா இறுகாம சிமெண்ட் விரிசல் விட்டுது. யாரும் தடுக்கி விழக்கூடாதுன்னு தொட்டியை வச்சேன். அன்னைக்குக் குடிக்காம இருந்தது இந்த வீட்டுல நான் ஒருத்திதானே."

"இவ்வளவு வருஷமா நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே கிழவா. வருஷா வருஷம் தோண்டுன்னு சொன்னேன். 'சட்டம் மாறப்போவுது, யா மேரோ, யா மேரோ'ன்னே. உன் பொண்ணு கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா. உன் கார்ல போகல. வாடகை வண்டியில போனா." அவர் குரல் உயரவில்லை. "நான் அந்த வண்டியில கடைசியா உட்கார்ந்தப்ப என் முடி கறுப்பு."

ஹெர்மிலோ தொட்டியை நகர்த்தக் குனிந்தார். ஒப்துலியா அவரைத் தள்ளிவிட்டுத் தானே அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

விரிசலில் எந்திரத்தை வைத்ததும் கான்கிரீட் பிஸ்கட்டாய் உடைந்தது. இரண்டடியில் மண்வெட்டி டங்கென்றது. வெளியே வந்தது ஒரு ராணுவத் தோட்டாப் பெட்டி. ஹெர்மிலோ அதையே பார்த்தார். அவர் நினைவில் பெட்டியே கிடையாது.

"இது ஏது?"

சேமா காதைச் சொறிந்தார். "நீங்கெல்லாம் பாடிட்டிருந்தப்ப நான்தான் பெட்டிக்குள்ள மாத்தி வச்சேன். நல்ல பாகத்தை வெறும் மண்ணுல போட மெக்கானிக்குக்குக் கை வராதுப்பா. பம்பு, குழாய், பிராக்கெட் எல்லாம் உள்ள இருக்கு. நீ சட்டத்தை நம்பினே. நான் கிரீஸை நம்பினேன்."

பூட்டு துருவேறியிருந்தது. சுத்தியலால் அடித்துத் திறந்தார்கள். ரப்பர் விளிம்புக்கு உள்ளே, பிளாஸ்டிக் பைக்குள், மஞ்சள் கிரீஸ் அப்பிக்கொண்டு பம்பு கிடந்தது. சேமா அதன் புல்லியை விரலால் திருப்பினார். அசையவில்லை. மறுபடி திருப்பினார். மூன்றாம் முறை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பியபோது, உள்ளேயிருந்து கிழட்டுக் குதிரையின் கனைப்பு மாதிரி ஒரு சத்தத்தோடு அது சுற்றியது.

"கத்துது," என்றார் ஹெர்மிலோ.

"கத்தட்டும். பத்தொன்பது வருஷம் புதைச்சு வச்சா நீயும் கத்துவே."

*

வெள்ளிக்கிழமை க்வாங் பானட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தான். பம்பு. பெல்ட். குழாய்கள். குரோமுக்கு நடுவே மறுபடியும் அந்தக் கறுத்த மரு. கிரீஸ் மணம் இன்னும் போகவில்லை. எஞ்சினை முடுக்கினான். பம்பு கனைத்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு சார்?"

"கல்லறையிலேர்ந்து."

க்வாங் சிரிக்கவில்லை; யோசித்தான். டார்ச் அடித்து ஒவ்வொரு குழாயாகத் தொட்டு, இணைப்பை இழுத்துப் பார்த்தான். காரை உருளைகள் மேல் ஏற்றினான். ஹெர்மிலோவும் சேமாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டது. க்வாங் ஒவ்வொன்றாக அழுத்தினான். பிரிண்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது.

"பாஸ்," என்றான். பிறகு காகிதத்தைக் கொடுக்காமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டான். "சார், புதன்கிழமை வந்த புகையைவிட இன்னைக்கு ஒரு நூல் கூடுதல். பம்பு பழசு. ஆனா பாஸ்தான்."

ஹெர்மிலோ காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே எடுத்து, விரித்து, தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். இரண்டு வருஷம். இரண்டு வருஷம் கழித்து இதே நாற்காலி, இதே கம்ப்யூட்டர். பம்பு அதுவரை தாங்கவேண்டும்.

"இனி எதையும் புதைக்காதீங்க," என்றான் க்வாங்.

அன்றே வண்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு சனிக்கிழமை வீடு மாறினார்கள். லாரி முன்னால் போக, யா மேரோ பின்னால் போனது. ஜெரேனியம் தொட்டியை ஒப்துலியா மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். கிங் சாலையில் ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்த இளைஞர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் காரின் நீளத்தைப் பார்த்தார்கள். "எந்த வருஷம் அங்கிள்?" என்று கேட்டான் ஒருவன். "எழுபத்தாறு," என்றார் ஹெர்மிலோ. பையன் முகத்தைச் சுளித்தான். "அடடா. ஒரு வருஷத்துல போச்சே."

புது அடுக்குமாடி வாசலில் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தினார். இறங்கிச் சுற்றிவந்து பார்த்தார். வெயிலில், சுவரில்லாமல், கார் கண் கூசியதுபோல் நின்றது. அப்போதுதான் ஒப்துலியா கம்பத்திலிருந்த பலகையைப் படித்தார். எந்த வாகனமும் ஒரே இடத்தில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் இழுத்துச் செல்லப்படும்.

செவ்வாய்க்கிழமை காலை ஹெர்மிலோ காரை எடுத்தார். ஒப்துலியாவும் ஏறிக்கொண்டார். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். அதற்குள் அவர்கள் இடத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. அடுத்த தெருவில் இடமில்லை. அதற்கடுத்த தெருவில் இடம் இருந்தது. இந்தக் கார் நுழையும் அளவுக்கு இல்லை. மறுபடி சுற்றினார்கள். பம்பு கனைத்துக்கொண்டே வந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கையசைத்தார்கள். இரண்டாம் சுற்றிலும் அசைத்தார்கள். மூன்றாம் சுற்றில் ஒரு பெண்குழந்தை மட்டும், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தது.

இத்தனை வருஷம் அசையமுடியாமல் கிடந்த வண்டி இப்போது நிற்கமுடியாமல் போய்க்கொண்டிருந்தது. ஹெர்மிலோவின் முழங்கை ஜன்னலில் இருந்தது. எதிரே சுவர் இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் சுத்தறது, கிழவி? உனக்கு அடுப்புல வேலை இருக்கும்."

ஒப்துலியா கண்ணாடியை முழுக்க இறக்கினார். நரைத்த கூந்தலைக் காற்றுக்கு விட்டார்.

"யா மேரோ," என்றார்.