இருபத்துநான்கு டோக்கன்கள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குள் பதினாறு பேர் மொட்டைமாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். சுபோதினி படிவாசலில் நின்று ஒவ்வொருவரின் போனையும் தன் போனால் ஸ்கான் செய்தாள். ஒவ்வொரு தடவையும் திரை பச்சையானது. பதினேழாவதாக வந்தவரிடம் அது சிவப்பாகியது.

"இன்னொருக்காப் பாருங்கோவன்" என்றார் அவர். பெயர் ஹாஷிம். தெஹிவளையிலிருந்து மனைவி லுத்பியாவுடன் வந்திருந்தார்.

மறுபடியும் சிவப்பு. லுத்பியாவின் போனுக்கும் சிவப்பு.

ஹோட்டல் சமையலறையில் பதினொரு வருடம் வேலை செய்தவள் சுபோதினி. அந்த வேலை போனபிறகு கடை திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெள்ளவத்தையில் அவள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் உச்சியில், மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம், பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழ் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். உட்கார இருபத்துநான்கு கதிரைக்குத்தான் இடம். அதற்காக நான்கு மாதம் வீடியோ பார்த்துப் பார்த்து, இருபத்துநான்கு என்எஃப்டி டோக்கன்களை, அதாவது இணையத்தில் கைமாறும் சீட்டுகளை, தானே உருவாக்கி மின்ட் செய்தாள். வெறும் படமாக வைத்துப் பார்ப்பதற்கல்ல அவை. ஒரு டோக்கன் வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் முழுக்க மாதாமாதம் ஒரு கதிரை. விரும்பினால் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். இரண்டைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மற்றதை விற்றாள். இருபத்தைந்தாவதை அவளே நினைத்தாலும் மின்ட் செய்ய முடியாதபடி எழுதிப் பூட்டியுமிருந்தாள்.

டோக்கன்களுக்கு நண்டு, மீன் என்று படங்களை வரைந்து கொடுத்தது கொட்டாஞ்சேனையில் கடைகளுக்குப் போஸ்டர் செய்யும் அவளுடைய தம்பி உமாசுதன். அவற்றை வைக்கும் இணையப் பணப்பையான வொலட்டைத் திறக்கச் சொல்லிக்கொடுத்ததும், முதல் மின்ட்டுக்கான சின்னக் கட்டணத்தைத் தன் வொலட்டிலிருந்து அனுப்பியதும் அவன்தான். இப்போது அவன் மாடியின் மறுகோடியில் அகப்பையோடு நின்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஹாஷிம் காட்டிய படம் அச்சொட்டாக அவளுடைய நண்டுப் படம். பெயரும் அதே பெயர். ஆனால் அது எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்று சொல்லும் அந்த நீண்ட எண் மட்டும் வேறு.

"இது நான் மின்ட் பண்ணினது இல்லை, ஐயா. ஆரோ கொப்பி அடிச்சிருக்கினம்."

"மகள் லண்டன்ல இருந்து சல்லி கட்டி எடுத்துத் தந்தது" என்றார் ஹாஷிம். "டூப்ளிகேட்டுண்டு சொல்றீங்க. அத நீங்களே செஞ்சி வித்திருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த பத்து நிமிடத்துக்குள் இன்னும் ஐந்து சிவப்பு. ஹெந்தளையிலிருந்து ஒரு குடும்பம் மூன்று பேர். மருதானைப் பக்கமிருந்து இரண்டு பெண்கள். ஏழு பேரும் படிவாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்த உண்மையான ஆறு பேர் அவர்களை இடித்துக்கொண்டு மேலே வரவேண்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அஞ்சு நிமிசம் தாங்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போனாள்.

டோக்கன்களும் காசும் கைமாறுவதெல்லாம் பதிவாகும் இணையப் பேரேடு ஊருக்கே திறந்தது, யாரும் பார்க்கலாம். போலி டோக்கன்களை மின்ட் செய்த வொலட் எது என்று தேடினாள். திறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முதன்முதலாக விழுந்த காசு எங்கிருந்து வந்தது? எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள். அவளுடைய வொலட்டுக்கும் முதல் காசு அதே எண்ணிலிருந்துதான் வந்தது.

"உமா, இஞ்ச வா."

அவன் அகப்பையோடு வந்தான். அவள் போனை நீட்டினாள். அவன் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் வெளிறியதே போதுமாக இருந்தது.

"நாப்பது பேர் கேட்டவை அக்கா. நீ இருபத்துநாலோட பூட்டிப்போட்டாய்" என்றான் மெதுவாக. "வெளிநாட்டில இருக்கிறவைதானே வாங்கீனம், ஒருத்தரும் கூழ் குடிக்க வரமாட்டினம் எண்டு நினைச்சனான்."

"இஞ்ச இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்புவினம் எண்டு நினைக்கேல்லையோ?"

அவன் தாங்கிக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினான். "நெட்டில ஆரோ களவெடுத்திட்டாங்கள் எண்டு சொல்லு. அந்த நம்பர் என்ர எண்டு உனக்கு மட்டும்தான் தெரியும். அவைக்கு அது வெறும் எண்."

அது உண்மைதான். அவள் வாய் திறக்காவிட்டால் அந்த எண்ணுக்கு முகம் இல்லை. தம்பியின் சட்டையில் கூழ் சிந்தியிருந்தது. காலை ஐந்து மணிக்கே வந்து மரவள்ளியும் பலாக்கொட்டையும் வெட்டித் தந்தவன் அவன்.

அந்தப் பக்கம் ஹாஷிமின் குரல் உயர்ந்தது. "நான் பொலிஸுக்குப் போவன். இப்பவே போவன்."

சுபோதினி வெளியே வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்களுக்கு வித்தது பொய் டோக்கன். செய்தது என்ர தம்பி உமாசுதன். எனக்கு இப்பதான் தெரியும். ஆனா படமும் பேரும் என்ர. உங்கட காசு முழுக்கத் திரும்பி வரும், அதுக்கு நான் பொறுப்பு."

கீழே பெரிய வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

உமாசுதன் தாங்கிக்குப் பின்னாலிருந்து வந்தான். அகப்பையை மேசையில் வைத்தான். ஒருவரையும் பாராமல் ஏழு பேருக்கும் நடுவால் விலகி விலகிப் படியிறங்கிப் போனான். அவள் கூப்பிடவில்லை.

"கொஞ்சம் கூழ் இருக்கு. இருந்து குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

ஐந்து பேர் நின்றபடியே வாங்கிக் குடித்தார்கள். லுத்பியா புருஷனைப் பார்த்தாள். ஹாஷிம் "எங்களுக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பொலிஸுக்குப் போனாரா என்று தெரியாமல் சுபோதினி அந்த வாரம் முழுக்கக் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டாள். ஒருவரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் உமாசுதன் ஏழு பேருடைய காசையும் திருப்பி அனுப்பிவிட்டான். அது பேரேட்டில் தெரிந்தது. அவன் அவளோடு கதைக்கவில்லை. தனக்கென்று வைத்திருந்த இரண்டு டோக்கனையும் அவள் ஹாஷிமின் வொலட்டுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்தும் பதில் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு வரி வந்தது. "இந்த மாதம் நான் வரவோ?"

சுபோதினி அதை வாசித்துவிட்டு மீன் கழுவப் போனாள். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுதினாள். "வா. ஆனா அகப்பை எனக்கு. வாசலில நீ நில்."

அவன் வந்தான். கடைசி ஞாயிறு பகல் முழுவதும் படிவாசலில் நின்று ஸ்கான் செய்தான். அவனைத் தெரிந்த சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு மணி தாண்டியபிறகு படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. ஹாஷிம். பின்னால் லுத்பியா.

சுபோதினி கூழ்ப்பானைக்கு முன்னால் கை அசையாமல் நின்றாள்.

ஹாஷிம் போனை நீட்டவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானே அது?"

"ஓம்" என்றான் உமாசுதன். "நான்தான் செய்தனான்."

அவர் திரும்பி லுத்பியாவைப் பார்த்தார். பிறகு போனை அவன் முன்னால் பிடித்தார். திரை பச்சையானது.

"எந்தக் கதிர எங்களுக்கு?" என்றார்.